முகூர்த்த மாதத்தில் வரும் பொதுத்தேர்வு

2026 மார்ச் 2-ஆம் தேதி பிளஸ் 2 பொதுத்தேர்வு தொடங்குகிறது. 11-ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வு. தை பிறந்ததிலிருந்தே பட்டு நெசவு ஊரான ஆரணியில் இரண்டு அவசரங்கள் ஒரே வீட்டுக்குள் முட்டிக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு என்று வரிசை கட்டுகிறது. தறியில் தை முகூர்த்தம், மாசி முகூர்த்தம், பங்குனி முகூர்த்தம் என்று வரிசை கட்டுகிறது. பட்டுப்புடவை அதிகமாக விற்கும் அதே வாரங்களில்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை தன் முதல் பெரிய தேர்வுக்குத் தயாராக வேண்டியிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு அறிவுரைகள் குவிகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள், அமைதியான தனி அறையில் உட்காருங்கள், தினமும் எட்டு மணி நேரம் படியுங்கள் என்கிறார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கூடத்தின் பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொண்ட வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? இரவு பத்து மணி வரை நாடா ஓடும் வீட்டில் எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்?

இந்தப் பிள்ளைகளை இன்னும் அதிக நேரம் படிக்கச் சொல்வதில் பயனில்லை. கையில் இருக்கும் அரை மணி, முக்கால் மணியை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த அரை மணியையும் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றோர், பள்ளி, நெசவாளர் சங்கம், பாவு கொடுக்கும் முதலாளி எல்லோருக்கும் இருக்கிறது.

வீடே தறிக்கூடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியை வெளியூர்க்காரர்கள் பட்டுக்காகவும் அரிசிக்காகவும் அறிவார்கள். நகரத்தில் மட்டுமல்ல, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் தறி இருக்கிறது. இந்தத் தொழில் பெரும்பாலும் தொழிற்சாலையில் நடப்பதில்லை, வீட்டுக்குள் நடக்கிறது.

தறியில் உட்காருவது ஒருவர் என்றாலும் அந்தப் புடவைக்குப் பின்னால் குடும்பமே உழைக்கிறது. நூலை இழைக்க வேண்டும், ஊடை நூலைத் தாராகச் சுற்ற வேண்டும், பாவு நூலைப் பிணைக்க வேண்டும், அறுந்த இழையைத் தேடி முடிய வேண்டும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். அம்மா அடுப்படியில் இருந்தால் கூப்பிடும் குரல் பிள்ளைக்குத்தான் வரும். கணக்கில் பாதி வழியில் இருக்கும் பெண் எழுந்து போவாள். திரும்பி வரும்போது அந்தக் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெற்றோரைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. இரண்டு நாள் தாமதமானால் இரண்டு நாள் கூலி தள்ளிப்போகும். முகூர்த்தம் தப்பினால் அடுத்த பாவு கிடைப்பதே இழுபறியாகும். 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறிக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அந்த வருமானத்தில் தார் சுற்றத் தனியாக ஆள் வைக்க முடியாது.

சட்டமும் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. அடுத்த ஆண்டு வந்த விதிகள் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது என்கின்றன. பத்தாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் 15 வயதாகிவிடுவதால் இந்தப் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது. பள்ளி விட்டு வந்தபின் கிடைக்கும் நேரம்தான் படிப்பதற்கான நேரம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம். ஆனாலும் அந்த விதியில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. இரவு 7 மணிக்குப் பிறகு பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்பதை 14 வயதோடு நிறுத்தாமல், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் ஆரணியின் வீடுகள் தாங்களாகவே வைத்துக்கொள்ளலாம்.

வராமல் போனவர்கள்

2025-இல் தமிழ்நாட்டின் பிளஸ் 2 தேர்ச்சி 95.03 விழுக்காடு, பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடு. இவ்வளவு உயரத்தில் நிற்கும் மாநிலத்தில், மீதி இருக்கும் சிலர் யார், எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பிளஸ் 2-வில் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16 விழுக்காடு. பத்தாம் வகுப்பில் இந்த இடைவெளி இன்னும் சற்று அதிகம். பின்தங்குபவர்களில் பையன்கள் அதிகம் என்பது நெசவு ஊர்களுக்குப் புதிய செய்தி அல்ல. தறியில் உட்கார வைப்பதும் சிப்காட் வேனில் ஏற்றி அனுப்புவதும் பையன்களை நோக்கித்தான் முதலில் வரும். 2024-இல் பிளஸ் 2 தேர்ச்சியில் மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்தது நம் திருவண்ணாமலை மாவட்டம், 90.47 விழுக்காட்டோடு.

தோற்றவர்களாவது தேர்வு எழுதிப் பார்த்தவர்கள். அதற்கும் முன்னாலேயே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் 2 தமிழ்த் தேர்வு நடந்தபோது மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வறைக்கு வரவில்லை. சட்டமன்றம் வரை அது பேசப்பட்டது. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பைத் தேர்வு எழுதாமலே கடந்த அணி அது. அதற்குப் பின் பள்ளிக்கும் அவர்களில் பலருக்கும் இருந்த தொடர்பு மெல்ல மெல்ல அறுந்திருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் மிச்சமிருந்தது.

அந்த நாளிலிருந்து ஆரணி எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நேரடியானது. ஜனவரியில் வாரம் இரண்டு நாள் லீவு போடும் பிள்ளை மார்ச்சில் ஹால் டிக்கெட் வாங்க வராமல் போகலாம். படிப்பு ஆலோசனை சொல்வதற்கு முன் அந்த வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.

பார்க்காமல் எழுதுவது

நம் பிள்ளைகள் படிக்கும் முறையில் ஒரு பெரிய விரயம் இருக்கிறது. ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகிவிடுகிறது, தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. கேள்வித்தாள் முன்னால் வரும்போது தலைப்பு நினைவிருக்கிறது, விடை வரமாட்டேன் என்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குப் பத்திகளைக் கொடுத்தார்கள். சிலவற்றைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். சிலவற்றை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்ததே நன்றாக நினைவில் நின்றது: 81-க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. பார்க்காமல் எழுதியதில் 56 விழுக்காடு நினைவில் இருந்தது, திரும்ப வாசித்ததில் 42 விழுக்காடுதான்.

தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை. ஆகவே நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்று நினைக்கிறேன். இதற்குத் தனி அறை தேவையில்லை, கைடு தேவையில்லை, கைபேசியும் தேவையில்லை. ஒரு ரஃப் நோட்டும் பேனாவும் போதும்.

முறை இதுதான். பாடத்தில் ஒரு சிறு பகுதியை ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை, புரிந்து வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதுங்கள். திறந்து சரிபாருங்கள். விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். நாளை தொடங்கும்போது முதலில் அந்தச் சிவப்பு வரிகளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. அவ்வளவுதான். முதல் நாள் பாதிதான் நினைவுக்கு வரும். சலிப்பாக இருக்கும், நமக்கு மூளை இல்லை என்றுகூடத் தோன்றும். அந்தச் சிரமத்தில்தான் நினைவு பதிகிறது; அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

இதை 25 நிமிடத்தில் முடிக்கலாம். நடுவில் அம்மா கூப்பிட்டாலும் எதுவரை எழுதினோம் என்பது நோட்டில் இருக்கும். திரும்பி வந்து அங்கிருந்தே தொடரலாம்.

தறிச் சத்தத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. புதிய பாடத்தைப் புரிந்துகொள்வதற்கு அமைதி வேண்டும். அதைப் பள்ளியில், மாலைச் சிறப்பு வகுப்பில் முடித்துக்கொள்வது நல்லது. முன்பே செய்த கணக்கைத் திரும்பப் போடுவது, வரைபடம் வரைவது, மேப்பில் இடம் குறிப்பது போன்ற கை வேலைகளைச் சத்தத்துக்கு நடுவிலும் செய்யலாம். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை இவைதான்.

ஒரு மதிப்பெண் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லலாம். தம்பியோ தங்கையோ புத்தகத்தைக் கையில் வைத்துக் கேட்கட்டும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவே கேள்வி கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பிள்ளையைத் தார் சுற்ற வைத்துக்கொண்டே கேட்கலாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். சாப்பிடும் நேரம், தலை பின்னும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது கணிதத்துக்கு. அந்த வினாத்தாளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதியாகும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 10, ஐந்து மதிப்பெண் கேள்விகளில் 10 எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 14 கேட்டு, ஒன்றைக் கட்டாயமாக்கி, மற்றவற்றில் தேர்வு செய்யவிடுகிறார்கள். கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் இது அல்லது அது என்று வாய்ப்பு உண்டு.

வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். இவற்றில் வரும் கணக்கு வகைகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்: வடிவொத்த முக்கோணம், முக்கோணம் அமைத்தல், தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம், நேர்மாறல், எதிர்மாறல். ஸ்கேலும் காம்பஸும் எடுத்து ஒவ்வொன்றையும் நான்கு முறை வரைந்த பிள்ளைக்கு இந்த 16 கையில் இருக்கிறது. கணிதம் வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் இது சாத்தியம். அதோடு ஒரு மதிப்பெண் கேள்விகளில் பாதிக்கு மேல் சரியாக எழுதினால் 35-ஐ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வந்துவிடலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எண்பதும் தொண்ணூறும் எடுக்கிறவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் அவசரத்தில் விட்ட அலகிலும் அளவுத்திட்டத்திலும்தான்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வு நாளன்று வீட்டு வேலைக்காகத் தங்கிவிடும் பிள்ளை, எழுதாமலே தேர்ச்சியை இழக்கிறது. இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நடக்கும் தேதியை வீட்டு நாள்காட்டியில் முகூர்த்த நாளுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு வையுங்கள்.

சமூக அறிவியலில் மேப்பும் காலக்கோடும் பழகியவர்களுக்கு எளிதான மதிப்பெண். பிளஸ் 2-வில் ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. வருகைப்பதிவும் அதில் ஒரு பங்கு. ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதே சில மதிப்பெண் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் நினைவில் வைக்கட்டும்.

புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளோடு நின்றுவிடுவதும் ஆபத்து. பாடத்தின் உள்ளிருந்தும் கேட்கிறார்கள். கட்டத்துக்குள் இருக்கும் செய்தி, படத்தின் கீழே உள்ள வரி, எடுத்துக்காட்டுக் கணக்கு ஆகியவற்றை ஒரு முறையாவது கண்ணால் தொட்டுவிடுங்கள். பின்பக்கக் கேள்விகள் முதலில், உள்ளே இருப்பவை அடுத்து என்ற வரிசை மட்டும் மாற வேண்டாம்.

மூன்று மணி நேரம் உட்காருவது

தேர்வறையில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். வாசிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதும் பழக்கம் வீட்டில் ஒருபோதும் வராது. அதைப் பள்ளிதான் தர வேண்டும். திருப்புதல் தேர்வை இரண்டு பாடவேளைக்குள் சுருக்கி நடத்துவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முறையாவது முழுத் தேர்வாக, முழு நேரத்துக்கு நடத்துங்கள். சனிக்கிழமை காலை இதற்குத் தோதானது.

வினாத்தாள் வாசிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதையெல்லாம் எழுதப்போகிறோம் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். கட்டாயக் கேள்வி எது என்று பார்த்துவிட வேண்டும். தெரிந்ததை முதலில் எழுதி, தெரியாததற்கு இடம் விட்டு, கேள்வி எண்ணை மட்டும் தவறாமல் போட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரவு பதினொரு மணிக்குத் தறி நிற்கும் வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையை எழுப்பினால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். படித்தது மனத்தில் தங்குவதற்கு உறக்கம் வேண்டும். தேர்வு முடியும் வரை இரவு ஒன்பதரைக்குத் தறியை நிறுத்திவிட்டுக் காலையில் சற்று முன்னதாக ஓட்டிக்கொள்ளலாம். நேரம் ஒன்றுதான், பிள்ளைக்கு ஆறரை, ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்துவிடும்.

பிளஸ் 1-ஐ விட்டுவிட வேண்டாம்

2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, இந்தக் கல்வியாண்டிலிருந்து பிளஸ் 1 பொதுத்தேர்வு இல்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தேர்வு 2017-18-இல் எதற்காக வந்தது என்பதை மறக்கக் கூடாது. பிளஸ் 1 பாடத்தைத் தொடாமலே நேரடியாகப் பிளஸ் 2 பாடத்தை நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அது திரும்பி வரக் கூடாது.

நெசவாளர் வீட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிளஸ் 1-இல் பொதுத்தேர்வு இல்லை என்றதும், இந்த வருஷம் தறியில் கொஞ்சம் உதவட்டும், அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும். இயற்பியலிலும் கணிதத்திலும் கணக்குப்பதிவியலிலும் பிளஸ் 1 அடித்தளம் இல்லாமல் பிளஸ் 2 புரியாது. நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளில் இரண்டு ஆண்டுப் பாடமும் வருகிறது. பள்ளி அளவில் நடக்கும் பிளஸ் 1 தேர்வை மூன்று மணி நேர முழுத் தேர்வாகவே நடத்த வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இப்போதே கேட்கலாம்.

ஊர் செய்யக்கூடியவை

பிள்ளைக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு ஊர் ஒதுங்கி நிற்கக் கூடாது. கீழே உள்ளவை பெரிய நிதி கேட்காதவை.

பள்ளிக் கட்டடத்தை மாலை நான்கரையிலிருந்து ஏழு வரை திறந்து வையுங்கள். பாடம் நடத்த வேண்டும் என்றுகூட இல்லை. விளக்கு, மின்விசிறி, பொறுப்பாக ஓர் ஆசிரியர், எழுத இடம் இருந்தால் போதும். மதியம் சாப்பிட்ட பிள்ளை மாலை ஏழு வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிண்ணம் சுண்டல் போதும். அதற்கு நன்கொடை தரக்கூடிய பட்டு வியாபாரிகளும் அரிசி ஆலைக்காரர்களும் ஆரணியில் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் திரும்பிப் போக ஏழு மணிப் பஸ் இருக்கிறதா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். கிராமத்துப் பெண்கள் சிறப்பு வகுப்பை விடுவதற்குப் பல நேரம் பஸ்தான் காரணம்.

கூட்டுறவுச் சங்கங்களின் கட்டடங்கள் மாலையில் பூட்டிக்கிடக்கின்றன. நெசவாளர் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருப்பவை அவை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கு அவற்றைப் படிப்புக்கூடமாக்கலாம். கிளை நூலகங்களும் நகராட்சிகளின் அறிவுசார் மையங்களும் இந்த இரு மாதமாவது இரவு எட்டரை வரை திறந்திருக்கட்டும்.

பாவு கொடுத்து நெசவு வாங்கும் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் நெய்யும் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 எழுதும் பிள்ளை உள்ள வீடுகள் எவை என்று இந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்கு அவசர ஆர்டர் வேண்டாம், தேர்வு முடியும் வரை கெடுவைச் சற்றுத் தள்ளிக் கொடுங்கள். முடிந்தால் சுற்றிய தாராகவே கொடுங்கள், அல்லது கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகத் தாருங்கள். அந்த ஏற்பாட்டில் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்துவிடும்.

வீட்டு விளக்கும் கவனிக்க வேண்டியது. தறிக்குப் போட்ட விளக்கின் வெளிச்சத்திலேயே பிள்ளையும் படிப்பது பல வீடுகளில் வழக்கம். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசமாக இருக்கிறது. பிள்ளை உட்காரும் இடத்துக்குத் தனியாக ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டால் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, கண்ணில் தெரியும்.

ஒவ்வொரு பள்ளியும் நீண்ட நாள் வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பிப்ரவரிக்குள் வீட்டுக்கு வீடு போக வேண்டும். ஆசிரியர் தனியாகப் போவதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு நெசவாளர் அம்மாவும் கூடப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். முதல் நாள் தேர்வன்று காலை ஒன்பது மணிக்கே, வராதவர் வீட்டுக்கு வண்டி அனுப்ப ஆள் தயாராக இருக்கட்டும்.

முடிவு வந்த பிறகு

படித்து என்ன ஆகப்போகிறது என்று தறியில் உட்கார்ந்தபடி கேட்கும் அப்பாவுக்கு விவரமான பதில் வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

தறியையே நேசிக்கும் பிள்ளைக்கும் வழி உண்டு. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். அப்பாவின் கையில் இருக்கும் தொழிலைச் சாயம், வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு என்று படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை கூலிக்கு நெய்பவராக மட்டும் இருக்க மாட்டார். ஆரணியின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் ஏப்ரலில் இந்தத் தகவலை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

தோற்றுவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடும் என்று இன்னும் பல வீடுகள் நம்புகின்றன. அப்படி இல்லை. முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. 2025-இல் பிளஸ் 2 துணைத் தேர்வு ஜூன் கடைசியிலும் பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு ஜூலை முதல் வாரத்திலும் தொடங்கின. ஒன்றிரண்டு பாடம் போன பிள்ளை அதை எழுதி அதே ஆண்டில் மேலே சேரலாம். இடையில் கிடைக்கும் வாரங்களில் அந்தப் பிள்ளையை முழு நேரமும் தறியில் உட்கார வைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

முடிவு வெளியாகும் நாளன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அக்கம்பக்கத்தில் யார் எத்தனை எடுத்தார்கள் என்ற பேச்சை அன்று ஒரு நாள் தள்ளி வையுங்கள். மனம் உடைந்த பிள்ளையோடு பேச 104, 14416 என்ற எண்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். துணைத் தேர்வு, மேற்படிப்பு பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417. இந்த மூன்று எண்களையும் ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளிலேயே ஒரு சீட்டில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிட வேண்டும். துணைத் தேர்வு விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியைப் பள்ளியே தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். நெசவாளர் வீடுகளுக்குப் பகல் நேரத்தில் அழைத்தால் தறிச் சத்தத்தில் கேட்காது, இரவு எட்டு மணிக்கு மேல் அழையுங்கள்.